"நூறு சதவீதம் வாட்டர்ப்ரூஃப்" தரைக்கு அடியில் தண்ணீர்: யார் பொறுப்பு?

மடிப்பாக்கம்_மாடி

வணக்கம். மடிப்பாக்கத்தில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறோம். கூடத்திலும் ஒரு படுக்கையறையிலும் பழைய மொசைக் தரைக்கு மேலேயே எஸ்.பி.சி. என்ற கல்பொடி-பிளாஸ்டிக் பலகை போட்டோம். ஒன்றோடொன்று கோத்துப் பூட்டும் வகை, 5 மி.மீ. கனம், அடியில் மெல்லிய ஃபோம் ஒட்டியே வந்தது. சென்ற மாதம் ஓர் இரவு, சமையலறையில் குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரத்துக்குப் போகும் வெள்ளைக் குழாய் கழன்றுவிட்டது. விடிந்து பார்த்தால் கூடம் முழுக்கத் தண்ணீர். வழித்துத் துடைத்து, இரண்டு நாள் மின்விசிறியை ஓடவிட்டோம். மேலே ஒரு கீறல் கிடையாது. "நல்லவேளை, வாட்டர்ப்ரூஃப் வாங்கினோம்" என்று வீட்டில் பெருமைகூடப் பட்டுக்கொண்டோம்.

இப்போது பால்கனிக் கதவருகே அழுத்தி மிதித்தால் இணைப்பு வழியே தண்ணீர் முத்து முத்தாகக் கசிகிறது. அலமாரிப் பக்கம் ஈரச் சாக்கு வாடை. சுவரோரப் பட்டை அடியில் உப்பிவிட்டது. கடைக்காரர் வந்து பார்த்தார். "பலகை வீங்கவில்லை, வளையவில்லை. பொருளில் குறை இல்லை" என்று சொல்லிப் போய்விட்டார். விளம்பரத் தாளில் "நூறு சதவீதம் வாட்டர்ப்ரூஃப்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பணம் கட்டி, பலகையும் பதித்து முடித்த பிறகு கைக்கு வந்த உத்தரவாதத் தாளிலோ குழாய்க் கசிவு, வெள்ளம், தரைக்கு அடியிலிருந்து வரும் ஈரம் எதுவும் சேராது என்று பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருக்கிறது.

பலகையைக் கழற்ற வேண்டுமா, தானாகக் காய்ந்துவிடுமா? இழப்பீடு கேட்க வழி உண்டா?

ரசமட்டம்

தம்பி, கழற்றித்தான் ஆக வேண்டும். தானாகக் காயாது.

எஸ்.பி.சி. என்பது சுண்ணாம்புக்கல் பொடியையும் பி.வி.சி. பிசினையும் சேர்த்து அழுத்திய பலகை. அதில் மரச்சத்தே இல்லை. ஒரு துண்டை வாளியில் ஒரு வாரம் ஊறப்போட்டாலும் அப்படியே வெளியே வரும். கடைகளில் கண்ணாடித் தொட்டியில் போட்டுக் காட்டுவது அதைத்தான். அது பொய்யில்லை. ஆனால் உங்கள் வீட்டில் கிடப்பது ஒரு துண்டு இல்லை. நூற்றுக்கணக்கான இணைப்புகளும், நாலு சுவரோரமும் விரிவுக்காக விட்ட ஒரு சென்டிமீட்டர் இடைவெளியும் சேர்ந்தது உங்கள் தரை. அந்த இடைவெளியை மூடியிருப்பது வெறும் ஓரப்பட்டைதான். ஒரு டம்ளர் தண்ணீர் சிந்தினால் இணைப்பு தாங்கும், நீங்களும் துடைத்துவிடுவீர்கள். இரவெல்லாம் ஓடிய தண்ணீர் சுவரோரம் போய்ப் பட்டைக்கு அடியில் புகுந்துவிடும்.

புகுந்த பிறகு என்ன ஆகிறது என்று கணக்குப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் 1 லிட்டர். உங்கள் அறை 10 சதுர மீட்டர் என்றால், கண்ணுக்கே தெரியாத அந்த ஒரு மில்லிமீட்டர்ப் படலத்தில் 10 லிட்டர் நிற்கிறது. மேலே பி.வி.சி., கீழே சிமென்ட். ஆவியாக வழி எங்கே? மேலே ஓடும் மின்விசிறிக்கும் அந்தத் தண்ணீருக்கும் சம்பந்தமே இல்லை. தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கும் அதே குணம், வந்த தண்ணீரை வெளியே விடாமலும் பிடித்துவைக்கிறது. பழைய மொசைக்கிலோ சிவப்பு ஆக்சைடு தரையிலோ இதே அளவு தண்ணீர் கொட்டியிருந்தால் வழித்துத் தள்ளிவிட்டு மறுநாள் மறந்திருப்பீர்கள்.

சாதாரணமாக ஈரம் பட்ட இடத்தை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட்டால் பூசணம் பிடிப்பதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். உங்களுக்கு அந்தக் கெடு முடிந்துவிட்டது. வாடை வருகிறதென்றால் ஏற்கெனவே பிடித்திருக்கிறது.

தாம்பரம்_வாசகி

ஐயா, எங்கள் வீட்டில் இருப்பது எஸ்.பி.சி.யா லேமினேட்டா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கடையில் இரண்டையுமே "வாட்டர்ப்ரூஃப் வுட்டன் ஃப்ளோரிங்" என்றுதான் சொன்னார்கள்.

ரசமட்டம்

அம்மா, மீதித் துண்டு இருந்தால் வெட்டுமுகத்தைப் பாருங்கள். பழுப்பாக, அழுத்திய மரத்தூள் போல இருந்தால் லேமினேட். உள்ளே இருப்பது எச்.டி.எஃப். பலகை. சாம்பல் நிறமாக, கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனத்தால் எஸ்.பி.சி. துண்டு இல்லையென்றால் கதவு நிலையோரம் ஓரப்பட்டையைக் கொஞ்சம் நகர்த்தினால் விளிம்பு தெரியும்.

இரண்டும் தண்ணீரில் நடந்துகொள்ளும் விதமே வேறு. லேமினேட்டுக்கான ஐரோப்பியத் தரநிலையில் (இ.என். 13329) ஒரு சோதனை உண்டு. துண்டின் ஒரு பகுதியை 24 மணி நேரம் தண்ணீரில் மூழ்கவைத்து, விளிம்பு எவ்வளவு தடிக்கிறது என்று அளப்பார்கள். வீடுகளில் போடும் பல வகுப்புகளுக்கு 18 சதவீதம் வரை தடித்தாலும் தேர்ச்சிதான். 8 மி.மீ. பலகையில் அது ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர். இணைப்பு மேலெழும்பிக் காலில் இடறப் போதுமானது. காய்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது.

அண்மைக்காலமாக லேமினேட்டையும் "வாட்டர்ப்ரூஃப்" என்று விற்கிறார்கள். அதற்கான சோதனை வேறு. பலகைகளைக் கோத்து, இணைப்பின் மேல் ஒரு வளையத்தை வைத்து, அதற்குள் தண்ணீர் ஊற்றி 24 மணி நேரம் விட்டுப் பார்ப்பது. வட அமெரிக்க லேமினேட் சங்கத்தின் சோதனை அப்படிப்பட்டதுதான். அது அளப்பது விளிம்பின் வீக்கத்தை. சுவரோர இடைவெளி வழியே தண்ணீர் அடியில் புகுந்தால் என்ன ஆகும் என்பது அந்தச் சோதனையில் வரவே வராது.

மார்பிள்_வணிகன்

நானும் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன் (மேலே சொல்லப்பட்ட கடை என்னுடையது அல்ல). எல்லாப் பழியையும் கடைக்காரர் தலையில் போடுவது நியாயமில்லை. வாட்டர்ப்ரூஃப் என்று உற்பத்தியாளர் சொல்வது பலகையை. அது உண்மை. வாடிக்கையாளர் அதை நீச்சல்குளத்தின் தரை என்று எடுத்துக்கொண்டால் நாங்கள் என்ன செய்வது? துடைப்பமும் ஈரத்துணியும் வைத்துத் துடைக்கலாமா, குழந்தை தண்ணீரைக் கொட்டினால் பரவாயில்லையா, நாய்க்குட்டி அசுத்தம் செய்தால் கறை ஏறுமா என்றுதான் வருகிறவர்கள் கேட்கிறார்கள். அதற்கெல்லாம் எஸ்.பி.சி. நூற்றுக்கு நூறு பொருத்தம். சுத்திகரிப்பு இயந்திரத்தின் குழாய் கழன்றது தரையின் குற்றமா?

லேமினேட்டை வாட்டர்ப்ரூஃப் என்று சொல்லி விற்பது மட்டும் எனக்கும் உடன்பாடில்லை. நான் அப்படிச் சொல்லி விற்பதில்லை.

மடிப்பாக்கம்_மாடி

குழாய் கழன்றதற்கு நான் உங்களைக் கேட்கவில்லை, அண்ணா. "குழாய் கழன்றால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டியிருக்கும்" என்று வாங்கும்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், சமையலறையை ஒட்டிய கூடத்தை விட்டுவிட்டுப் படுக்கையறைக்கு மட்டும் போட்டிருப்பேன். "தண்ணீர்ப் பயமே வேண்டாம்" என்றுதான் சொன்னார்கள்.

எழும்பூர்_வக்கீல்

இழப்பீட்டுக் கேள்விக்கு வருகிறேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறாக வழிநடத்தும் விளம்பரத்தை விளக்கும்போது, அப்பட்டமான பொய்யோடு நிறுத்திக்கொள்ளவில்லை. முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் அதில் அடங்கும். அந்தச் சட்டத்தின் கீழ் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் உங்களுக்கு இன்னும் நேரடியாகப் பொருந்தும். பொறுப்புத்துறப்பு வாசகம் ஒரு விளம்பரக் கூற்றை விளக்கலாம், அதன் முக்கியப் பொருளுக்கு முரணாக இருக்கக் கூடாது. கூற்று எந்த மொழியில் உள்ளதோ அதே மொழியில் பொறுப்புத்துறப்பும் இருக்க வேண்டும். எழுத்துருவும் அதேதான். "நூறு சதவீதம்" தமிழில், விலக்குகள் ஆங்கிலத்தில் என்றால் அது வாதத்துக்கு நல்ல பிடி.

வணிகன் சொல்வதிலும் சட்ட நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. பலகை கெடவில்லை என்பதால் "குறையுள்ள பொருள்" என்று வாதாடினால் நிற்பது கடினம். விளம்பரமும் விற்கும்போது சொன்ன வார்த்தையும்தான் உங்கள் வழக்கு.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்யுங்கள். பல தகராறுகள் அங்கேயே பேசி முடிகின்றன. முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. காலவரம்பு இரண்டு ஆண்டு.

வேளச்சேரி_தரைத்தளம்

நான் தரைத்தளத்துக்காரன், எங்கள் கதை வேறு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். சாக்கடையும் கலந்து வந்தது. கூடத்தில் எஸ்.பி.சி., உள்ளறையில் முந்தைய குடித்தனக்காரர் போட்ட லேமினேட். வடிந்த பிறகு லேமினேட் அறைக் கதவைத் திறக்கவே முடியவில்லை. பலகைகள் நடுவில் கூரைபோல் எழுந்து நின்றன. கூடத்துப் பலகைகள் அசையாமல் கிடந்தன. அவற்றைப் பிரித்து, பினாயில் போட்டுக் கழுவி, மொட்டை மாடியில் காயவைத்து மறுபடி பதித்தோம். பார்க்கப் புதிதுபோல்தான் இருந்தது. ஆனால் மழைக்காலம் வந்தால் இன்றும் லேசாகச் சாக்கடை வாடை வருகிறது.

ரசமட்டம்

வேளச்சேரி நண்பரே, அது பலகையிலிருந்து வரும் வாடை இல்லை, அடியில் ஒட்டியிருக்கும் ஃபோமின் வாடை. சுத்தமான குடிநீர் அடியில் போனால் பலகையைக் கழுவி மறுபடி பதிக்கலாம். சாக்கடை கலந்த வெள்ளம் என்றால், ஃபோம் ஒட்டிய பலகை எவ்வளவு நன்றாகத் தோன்றினாலும் தூக்கிப் போடுவதுதான் சரி. அந்தத் துளைகளுக்குள்ளும் ஒட்டுப்பசையிலும் என்ன தங்கியிருக்கிறது என்பதை வீட்டில் யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. கைக்குழந்தை தவழும் வீடு என்றால் யோசிக்கவே வேண்டாம்.

தரைத்தளத்துக்கு இன்னொரு எதிரி உண்டு: ஓதம். வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் தரையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். பழைய வீடுகளில் அடித்தளக் கான்கிரீட்டுக்குக் கீழே ஈரத்தடுப்புத் தாள் விரித்திருக்க மாட்டார்கள். அந்த ஈரம் சிமென்ட்டில் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு மேலே ஏறும். திறந்த தரையில் அது ஆவியாகி வெள்ளையாகப் பூக்கும், துடைத்துவிடுவீர்கள். மேலே பி.வி.சி.யை விரித்துவிட்டால் அடியிலேயே தங்கும். பசை போட்டு ஒட்டிய வினைல் தாள் என்றால், காரத்தன்மை கொண்ட அந்த ஈரம் பசையையே கூழாக்கி, தாள் குமிழ் குமிழாக எழும்.

போடும் முன் காசு செலவில்லாமல் பார்க்க ஒரு வழி: ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கனமான பாலிதீன் தாளை வெறும் கான்கிரீட் தரையில் வைத்து நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். எடுக்கும்போது உள்பக்கம் வேர்த்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ அங்கே பலகை போடாதீர்கள். வெயில் காலத்தில் செய்துவிட்டு வேர்க்கவில்லை என்று மகிழக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் செய்து பாருங்கள்.

கோயம்பேடு_நேர்மை

இத்தனை தலைவலி எதற்கு? டைல்ஸ் போட்டால் முடிந்தது. நம் ஊர் வெயிலுக்கு மரத்தோற்றத் தரை யார் கேட்டார்கள்?

ஆசாரி_பட்டறை

டைல்ஸ்காரர்களுக்கும் இதே கதை உண்டு, அண்ணே. விட்ரிஃபைடு டைல்ஸ் தன் எடையில் அரை சதவீதத்துக்கு மேல் நீரை உறிஞ்சாது என்பது சரி. ஆனால் நடுவில் இடைவெளியை அடைக்கும் கிரவுட் சிமென்ட்தானே? குளியலறையில் டைல்ஸ் போட்டும் கீழ்வீட்டுக் கூரையில் ஏன் ஓதம் அடிக்கிறது? தண்ணீரைத் தடுப்பது டைல்ஸ் இல்லை, அதற்கு அடியில் பூசிய நீர்த்தடுப்புப் பூச்சு. ஆத்தங்குடிக் கல்லும் சிமென்ட்தான், அதுவும் நீரை உறிஞ்சும்.

என் தொழிலிலும் இதைப் பார்க்கிறேன். ஐ.எஸ். 710 (நீர் தாங்கும் பிளைவுட்டுக்கான இந்தியத் தரநிலை) முத்திரை போட்ட பிளைவுட்டை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுச் சோதிப்பார்கள். அடுக்குகள் பிரியக் கூடாது, அவ்வளவுதான். அங்கே சோதிப்பது பசையை. "கொதிக்கிற தண்ணீரே ஒன்றும் செய்யாது" என்று விற்றுவிடுகிறார்கள். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் வெட்டுமுகத்துக்குப் பட்டை ஒட்டாமல் விட்ட 710 பலகை ஒழுகும் குழாயால் கறுத்துப்போய்க் கிடப்பதைப் பல வீடுகளில் மாற்றிக் கொடுத்திருக்கிறேன்.

மடிப்பாக்கம் தம்பி, ஒன்று கேட்கிறேன். தரையைக் கழற்றும்போது அலமாரியின் அடிக்கட்டையையும் கதவு நிலையின் கால்களையும் தட்டிப் பாருங்கள். தண்ணீர் அங்கேயும் போயிருக்கும்.

மடிப்பாக்கம்_மாடி

கழற்றிவிட்டோம். பால்கனிப் பக்கமிருந்து ஆரம்பித்து, பென்சிலால் பின்பக்கம் எண் போட்டு, வரிசை வரிசையாகப் பிரித்தோம். நடுக்கூடம் காய்ந்திருந்தது. பால்கனியிலிருந்து நாலு வரிசை மட்டும் ஃபோமைப் பிழிந்தால் தண்ணீர். அறையின் வாட்டம் அந்தப் பக்கம் என்பது இப்போதுதான் தெரிகிறது. ஊற்றிய இடம் சமையலறை, தேங்கிய இடம் எதிர்க்கோடி. மொசைக் கற்களின் கோடுகள் மட்டும் கறுத்து, கட்டம் போட்ட நோட்டுபோல் இருக்கின்றன. ஃபோமின் மேல் மிளகைத் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள். சுவரோரம் வெள்ளை உப்பு. விரலால் தொட்டால் பொடியாக வருகிறது. ஓரப்பட்டை எம்.டி.எஃப். (அழுத்திய மரநார்ப் பலகை), அடியில் நாலு விரல் உயரத்துக்கு இதழ் இதழாக விரிந்துவிட்டது. ஆசாரி அண்ணன் சொன்னதுபோல் அலமாரியின் அடிக்கட்டையும் போயிற்று.

பிரிக்கும்போது சில பலகைகளின் பூட்டு நாக்கு உடைந்துவிட்டது.

அண்ணாநகர்_காப்பீடு

வீட்டுக் காப்பீடு வைத்திருக்கிறீர்களா? 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் "பாரத் கிருஹ ரக்ஷா" என்ற ஒரே மாதிரியான வீட்டுக் காப்பீட்டைத் தர வேண்டும். வெள்ளம், புயலோடு, தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்து, வழிந்து ஏற்படும் சேதமும் அதில் உண்டு. வங்கியில் வீட்டுக்கடன் வாங்கியபோது உங்களுக்கே தெரியாமல் எடுத்துவைத்திருக்கவும் கூடும், கடன் தாள்களைப் பாருங்கள். ஆனால் நாள்பட்டு மெல்ல ஊறும் கசிவை நிறுவனங்கள் வேறாகப் பார்க்கும். ஒரே இரவில் நடந்தது என்பதற்கு, அன்று எடுத்த படங்கள் இருந்தால் பத்திரமாக வையுங்கள்.

மடிப்பாக்கம்_மாடி

அன்று காலை என் மனைவி தன் அண்ணனுக்கு அனுப்பிய காணொளி இருக்கிறது. கடன் தாள்களைத் தேடுகிறேன். நன்றி.

மறுபடி பதிக்கும்போது சுவரோர இடைவெளியில் சிலிக்கான் அடைத்துவிட்டால் இனி தண்ணீர் புகாது என்கிறார் பதிக்கும் மேஸ்திரி. செய்யலாமா?

மார்பிள்_வணிகன்

செய்யலாம். சில உற்பத்தியாளர்களே குளியலறையில் போடும்போது அப்படிச் செய்யச் சொல்கிறார்கள். அடியில் வளையும் ஃபோம் கயிறு, மேலே சிலிக்கான். சிமென்ட்டோ வெள்ளை சிமென்ட்டோ வைத்து அடைக்கவே கூடாது. பலகை வெயிலில் விரிய இடமில்லாமல் நடுவில் எழும்பிவிடும்.

ரசமட்டம்

இங்கே வணிகரோடு எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. சமையலறைப் பக்கம், குளியலறை வாசல், இந்த இரண்டு இடத்தில் சிலிக்கான் போடுங்கள். தண்ணீர் வருவது அங்கிருந்து. நாலு சுவரும் அடைத்துவிட்டால் கொஞ்சநஞ்சம் காற்று போகும் வழியும் போய்விடும். பூட்டு இணைப்பு வழியே என்றாவது இறங்கும் தண்ணீர் சாகும்வரை அங்கேயே கிடக்கும். பால்கனிப் பக்க ஓரப்பட்டையை ஆணியடிக்காமல், கழற்றி மாட்டும் பி.வி.சி. பட்டையாகப் போடுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை கழற்றி உள்ளே விரல் விட்டுப் பார்க்கலாம்.

மொசைக் முழுக்கக் காயும்வரை பதிக்க வேண்டாம். அதே பாலிதீன் தாளை வைத்துப் பாருங்கள். பூசணத்தைத் துடைக்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். சுத்திகரிப்பு இயந்திரத்துக்குப் போகும் வால்வை இரவில் மூடிவிட்டுப் படுங்கள். அதற்கு எந்த உத்தரவாதத் தாளும் வேண்டாம்.

மார்பிள்_வணிகன்

நாலு பக்கமும் அடைத்துக் கொடுத்த வீடுகளில் எனக்குப் புகார் வந்ததில்லை. போகட்டும். நாக்கு உடைந்த பலகைகளுக்கு மாற்று வாங்கப் போகும்போது, உடையாத ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். பூட்டு வடிவம் ஒவ்வொரு தயாரிப்பிலும் வேறு. நிறமும் கனமும் ஒன்றாக இருந்தாலும் கோக்காது.

ரசமட்டம்

புகார் வராததற்குக் காரணம் அங்கே இன்னும் குழாய் கழலவில்லை என்பதாகவும் இருக்கலாம்.

எழும்பூர்_வக்கீல்

உடைந்த பலகைகளையும், பூசணம் பிடித்த ஃபோமில் ஒரு துண்டையும் தேதி எழுதி உறையில் போட்டு வையுங்கள். மறுபடி பதிக்கும் முன் எல்லாக் கோணத்திலும் படம் எடுங்கள். கடைக்கும் உற்பத்தியாளருக்கும் தனித்தனியே அறிவிப்பு அனுப்பிவிட்டு, பதினைந்து நாள் அவகாசம் கொடுங்கள்.

மடிப்பாக்கம்_மாடி

அறிவிப்பைத் தமிழிலேயே அனுப்பலாமா? எதை முதலில் எழுதுவது?

எழும்பூர்_வக்கீல்

தாராளமாக. ஒப்புகையோடு விரைவுத் தபாலில் அனுப்புங்கள், மின்னஞ்சலிலும் ஒரு பிரதி. வாடை, பூசணம், செலவு எல்லாம் பின்னால் வரட்டும். விளம்பரத் தாள் எந்தத் தேதியில் கைக்கு வந்தது, பணம் எந்தத் தேதியில் கட்டினீர்கள், விலக்குகள் எழுதிய உத்தரவாதத் தாள் எந்தத் தேதியில் வந்தது என்ற மூன்றையும் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.